ராமென் சாப்பிடப் போனோம்

சூப் விஷயத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வினைச்சொல் இருக்கிறது. நாம் சூப்பைக் குடிக்கிறோம். பிரெஞ்சுக்காரர்கள் சூப்பைச் சாப்பிடுகிறார்கள். 'மான்ழே லா சூப்' என்றுதான் அவர்கள் மொழியில் வரும். ஜப்பானியர்கள் சூப்பில் கிடக்கும் நூடுல்ஸை உறிஞ்சுகிறார்கள், அதுவும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி. நான் இப்போது குடியிருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ராகிக் களியை விழுங்குகிறார்கள். குழம்பில் தோய்த்து அப்படியே உள்ளே அனுப்ப வேண்டும். மென்று தின்றால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். குடிப்பது, சாப்பிடுவது, உறிஞ்சுவது, விழுங்குவது ஆகிய நான்கும் ஒரே மேசையில் சந்தித்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன்.

பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். மகனுக்கு ஓசூரில் வேலை என்பதால் 2012இல் இங்கே வந்தோம். வயது 74. இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒரு மாத்திரை.

ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர்தான் பெரிய கடைத்தெரு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே என்ன புதிதாக வந்தாலும் ஒரு வாரத்துக்குள் எங்கள் ராமநாயக்கன் ஏரிக்கரை நடைப்பயிற்சியில் அதைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். சில வருடங்களாக அப்படி அடிபடும் பேச்சு ராமென். இது ஜப்பானிய நூடுல்ஸ் சூப். என் மனைவி முதலில் 'ராமன் கடை' என்று நினைத்துக்கொண்டு, இட்லி நன்றாக இருக்குமா என்று கேட்டாள்.

பெங்களூரில் இந்த ஆசையை ஊர்முழுக்கப் பரப்பியதில் சாந்தி நகரில் இருக்கும் 'நாரு நூடுல் பார்' என்ற கடைக்குப் பெரிய பங்கு உண்டு. கவன் குட்டப்பா என்ற சமையல் கலைஞர் நடத்துவது. கொரோனா ஊரடங்குக் காலத்தில் வீடுகளுக்கு ராமென் அனுப்பத் தொடங்கி, 2022இல் கடையாகத் திறந்தார். சிறிய இடம், கொஞ்சம் நாற்காலிகள். வாரத்துக்கு ஒரு முறை இணையத்தில் பதிவு திறக்கும், சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். நம் காலத்தில் முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கியதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பெங்களூரில் பல இடங்களில் ராமென் கிடைக்கிறது.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் எழுதுவதைப் பேரன் எனக்குக் கைப்பேசியில் படித்துக் காட்டுவான். எந்த ராமென் கடையானாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, ஜப்பானுக்கே போய்வந்த மாதிரி இருந்தது என்கிறது. இன்னொரு கட்சி, நூடுல்ஸ் தண்ணீருக்கு இவ்வளவு பணமா என்கிறது. ஒருவர் உப்பு அதிகம் என்கிறார். அடுத்தவர் சப்பென்று இருந்தது என்கிறார். இருவரும் ஒரே நாளில் ஒரே கடையில் சாப்பிட்டிருப்பார்கள். அலுவலகத்தில் ஒரே கோப்பில் இரண்டு அதிகாரிகள் நேர் எதிரான குறிப்பு எழுதி அனுப்பினால் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? இருவரும் எந்தத் தாளைப் படித்துவிட்டு எழுதினார்கள் என்று முதலில் பார்ப்போம். ராமென் விஷயத்திலும் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது.

நாங்கள் போனது மேலே சொன்ன கடைக்கு அல்ல. ஜெயநகர்ப் பக்கம் இருக்கும் வேறொரு சிறிய கடை. பெயர் வேண்டாம். போனதற்குக் காரணம் ராமென் ஆசை இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர், ஓசூரில் இரு சக்கர வாகனத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, சிப்காட்டில் நல்ல கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் அதை விட்டுவிட்டு அந்தக் கடையில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஃபோர்மேன் ஒன்றரை வருடம் அவனோடு சரியாகப் பேசவில்லை. "நான் கிரீஸ் கையோட நின்னு படிக்க வெச்சேன் சார். இவன் கரண்டியப் புடிக்கப் போயிட்டான்" என்று ஏரிக்கரையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கடைசியில் அவர் மனைவி ஒரு முடிவு கட்டினார். "ஒரு தடவ போய்ப் பாத்துட்டு அப்புறமா திட்டுங்க" என்றார். தனியாகப் போகத் தயங்கி எங்களையும் துணைக்கு அழைத்தார்கள். ஃபோர்மேன், அவர் மனைவி, நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் என் பேரன், தெருமுனையில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று ஆறு பேர் ஆனோம். தலைமையாசிரியரின் வீட்டு மொழி தெலுங்கு. ஆனால் கணக்குப் போடுவது எல்லா மொழியிலும் போடுவார்.

பயணம் இப்போது சுலபமாகிவிட்டது. பொம்மசந்திரா வரை காரில் போய், 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் ஏறினால், சில்க் போர்டு நெரிசலை மேலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே ஆர்.வி. ரோட்டில் இறங்கிவிடலாம்.

மெட்ரோவிலேயே விவாதம் தொடங்கிவிட்டது. ஒரு கிண்ணம் 600 ரூபாய்க்கு மேல் என்று பேரன் சொல்லிவிட்டான். தலைமையாசிரியர் உடனே, "அந்தப் பணத்துக்கு நாலு பேரு பிரியாணி சாப்பிடலாம், தயிர் வெங்காயத்தோட" என்றார். ஃபோர்மேன் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்த இடத்தில் ராமெனின் பிறப்புச் சான்றிதழைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. விலைச் சண்டை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ராமென் ஜப்பானின் பழைய உணவு அல்ல. சீனர்களிடமிருந்து வந்தது. யோகோஹாமா போன்ற துறைமுக ஊர்களில் சீனச் சமையல்காரர்கள் செய்துகொண்டிருந்த நூடுல்ஸ் சூப், 1910இல் டோக்கியோவின் அசாகுசா பகுதியில் 'ராய்ராய்க்கென்' என்ற கடை மூலம் பேர் பெற்றது. கூலி வேலை செய்பவர்கள், மாணவர்கள், இரவு வேலை முடித்து வருபவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகும் சாப்பாடு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் அரிசிப் பஞ்சம். அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. அந்த மாவு கள்ளச் சந்தைத் தள்ளுவண்டிகளில் நூடுல்ஸாக மாறிப் பசித்த ஊரைக் காப்பாற்றியது.

நம் வயதுக்காரர்களுக்கு இது புதிய கதை இல்லை. 1960களில் பி.எல். 480 திட்டத்தில் நமக்கும் அமெரிக்கக் கோதுமை வந்தது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அதைப் போட்டபோது நம் வீடுகளில் முகம் சுளித்தார்கள். கோதுமை நம் ஊரில் உப்புமாவாகவும் கஞ்சியாகவும் ஆகி, காய்ச்சல்காரர்கள் சாப்பாடு என்று பெயர் வாங்கியது. கடல் தாண்டி வந்த கோதுமை அங்கே ராமென் ஆனது, இங்கே ரவை ஆனது.

ஒசாகா பக்கத்தில் அப்படி ஒரு தள்ளுவண்டி முன் குளிரில் வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத்தான் மோமோஃபுகு ஆண்டோ என்பவருக்கு உடனடி நூடுல்ஸ் யோசனை வந்தது என்பார்கள். 1958இல் அவருடைய நிஸ்ஸின் நிறுவனம் 'சிக்கன் ராமென்' பொட்டலத்தை வெளியிட்டது. ஒரு பொட்டலம் 35 யென். கடையில் புது ஊடோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்த காலம். ஆக, இன்று ஏழைகளின் அவசர உணவாக இருக்கும் பொட்டல நூடுல்ஸ் பிறந்தபோது ஆடம்பரம்! அதே நிறுவனத்தின் 'டாப் ராமென்' 1991இல் நம் நாட்டுக்கு வந்தது. அதன் ஆலை ஒன்று எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல் தாலுகா ஜிகணியில் இருக்கிறது. பல வருடம் அந்தச் சாலையில் போய்வந்தும் டாப் ராமெனில் உள்ள ராமென் இந்த ராமென்தான் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

ஜப்பானிலும் விலைச் சண்டை இருக்கிறது. '1000 யென் சுவர்' என்று அங்கே ஒரு பேச்சு. ராமென் சாமானியர் சாப்பாடு, 1000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். மாவு, இறைச்சி, மின்சாரம் எல்லாம் ஏறிய பிறகும் விலையை ஏற்ற முடியாமல் மூடிய கடைகள் நிறைய. 1000 யென் நம் பணத்தில் ஏறக்குறைய 600 ரூபாய். டோக்கியோவில் எங்கே சுவர் இருக்கிறதோ, தலைமையாசிரியரின் சுவரும் அங்கேயேதான் இருந்தது!

கடை சின்னது. மரத்தில் நீளமான மேடை, அதன் முன் உயரமான முக்காலிகள், ஓரத்தில் எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு மேசை. முட்டி வலிக்காரர்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டு மேசையைக் கொடுத்தார்கள். ஃபோர்மேன் மகன் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்து, "வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி" என்று எங்களுக்குச் சொன்னான். அப்பாவைப் பார்த்து, "வாங்கப்பா" என்று மட்டும் சொன்னான். அவர் தலையை அசைத்தார்.

கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று அவன் விளக்கினான். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கிண்ணத்தின் அடியில் முதலில் 'தாரே' என்ற உப்புச் சாறு. சோயாவிலோ மிசோ என்ற புளித்த சோயா விழுதிலோ செய்வது. அதன் மேல் கொஞ்சம் வாசனை எண்ணெய். பிறகு கொதிக்கும் சூப். பிறகு வெந்த நூடுல்ஸ். மேலே முட்டை, இறைச்சி, வெங்காயத்தாள். நூடுல்ஸ் மஞ்சளாக, இழுத்தால் ரப்பர் மாதிரி துள்ளுவதற்குக் காரணம் மாவில் சேர்க்கும் ஒரு காரநீர். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் கலந்தது. அவன் அம்மாவுக்கு அது புரியவில்லை. "நம்ம அப்பளக்காரம் மாதிரிதாம்மா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு பெண்களுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. என் மனைவி, "அதான் முதல் வாய்க்கு அப்பள மாவு வாசனை வருது" என்றாள்.

இனி தீர்ப்புகள்.

என் மனைவி முட்டை கூடத் தொடமாட்டாள். அவளுக்கு மிசோவும் எள் விழுதும் காளானும் போட்ட கிண்ணம். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "ரசத்துல சேமியாவப் போட்டு, புளிய மறந்துட்டாங்க" என்றாள். ஆனால் எள் வாசனை பிடித்திருந்தது. சூப்பை முழுவதும் குடித்துவிட்டு நூடுல்ஸில் பாதியை மீதி வைத்தாள்.

பேரன் முதலில் படம் எடுத்தான். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, நூடுல்ஸைக் குச்சியில் தூக்கி ஒன்று. பிறகு சாப்பிட்டு, "சூப் வேற லெவல் தாத்தா, நூடுல்ஸ்தான் கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு" என்றான். மேடையருகே நின்ற ஃபோர்மேன் மகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "தம்பி, வெச்சு எட்டு நிமிஷம் ஆச்சு. சூடான சூப்புல கெடந்தா ஊறிடும். ஜப்பான்ல பத்து நிமிஷத்துல சாப்ட்டு எழுந்து போயிடுவாங்க." அந்த உறிஞ்சும் சத்தத்துக்கும் இதுதான் காரணமாம். ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும், வாயும் வேகக் கூடாது. காற்றோடு சேர்த்து இழுத்தால் இரண்டும் நடக்கும். நாங்கள் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது ஒன்றரை மணி நேரம். பேசிக்கொண்டே சாப்பிட்டோம். எங்கள் நூடுல்ஸின் கெட்ட பெயரில் பாதி எங்கள் பேச்சில் ஊறியது.

தலைமையாசிரியர் கடைசி வரை பிரியாணியை விடவில்லை. ருசி எப்படி என்று கேட்டால் விலையைச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு பேர் உள்ள வீட்டில் ஒரு சம்பளத்தில் தங்கைகளைக் கட்டிக் கொடுத்தவர். அவருக்கு எந்த உணவும் வகுத்தல் கணக்காகத்தான் தட்டில் வரும். ஆனாலும் கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சம் இல்லை. "காசு குடுத்தாச்சே" என்றார்.

ஃபோர்மேன் மனைவி முட்டையைப் பிளந்து பார்த்தார். மஞ்சள்கரு தேன் மாதிரி ஓடியது. "டேய், முட்டை வேகலடா!" என்றார். கடை முழுவதும் கேட்டது. மேடையில் இருந்த இளைஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது அப்படித்தாம்மா. ஆறரை நிமிஷம் வேகவெச்சு, சோயாத் தண்ணில ராத்திரி முழுக்க ஊற வெப்போம்" என்றான் மகன். அம்மா நம்பவில்லை. "வீட்டுல வாடா, முட்டை எப்படி வேகவெக்கிறதுன்னு காட்டறேன்" என்றார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவனை வீட்டுக்கு அழைத்த வார்த்தை அதுதான்.

அடுத்தது என் கிண்ணம். அதற்குப் புதுச்சேரி வரை போய்வர வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ பேர் சைகோனுக்குப் போனார்கள். சிலர் சொல்தாவாக, சிலர் சுங்கத்திலும் நீதிமன்றத்திலும் அலுவலர்களாக. சொல்தா என்றால் பட்டாளத்துக்காரர். எங்கள் ஊர்த் தமிழில் அப்படித்தான் சொல்வோம். என் சித்தப்பாவும் அப்படிப் போனவர். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவை விட்டார்கள். அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகமும் இந்தியாவின் கைக்கு மாறியது. இரண்டு வருடம் கழித்துச் சித்தப்பா ஊருக்குத் திரும்பினார், வியட்நாமிய மனைவியோடு. நாங்கள் அவரைச் சைகோன் சித்தி என்போம்.

சைகோன் சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சூப் வைப்பார். எலும்பை விடியற்காலையிலிருந்து அடுப்பில் வைத்து, பட்டை, அன்னாசிப்பூ, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம் போட்டுக் கொதிக்க விடுவார். அங்கே அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றுவார்களாம். புதுச்சேரியில் அது கிடைக்காததால் எங்கள் வீட்டு இடியாப்பத்தின் மேல் ஊற்றினார். கொத்தமல்லியும் எலுமிச்சையும் மேலே. எனக்கு ஐந்து, ஆறு வயது. அதைப்போல ஒன்றை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

ஆனால் வீட்டில் கருத்து ஒன்றாக இல்லை. பாட்டி ஒரு வாய் வைத்துவிட்டு, "எலும்புக் கஷாயம்" என்றார். அத்தைகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சித்தி சூப் வைக்கும் நாளெல்லாம் யாராவது ஒருவர், "இன்னிக்குக் கஷாயமா?" என்று கேட்பார்கள். சித்திக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் அந்த வார்த்தை புரிந்துவிட்டது. எண்ணெயில் பொரித்த அவருடைய நெம் சுருளை மட்டும் எல்லோரும் கேட்டு வாங்கித் தின்றார்கள். இன்றைக்கும் புதுச்சேரியில் பல வீடுகளில் பண்டிகைக்கு நெம் உண்டு. சூப்பை அவர் நிறுத்திவிட்டார். பாத்திரம் பரண் மேல் ஏறியது. எங்கள் வீட்டில் அவர் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார். அந்தச் சூப்பை மறுபடி வைக்கவே இல்லை. குறிப்பை யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்திலோ எங்கள் மதாம் வேறு பாடம் நடத்தினார். சூப் சாப்பிடும்போது சத்தம் வரக் கூடாது. கரண்டியை உங்கள் பக்கம் இழுக்காமல் எதிர்ப்பக்கம் தள்ளி எடுக்க வேண்டும். கிண்ணத்தைக் கையில் தூக்கிக் குடித்தால் காட்டுமிராண்டி. வீட்டில் இலையில் பாயசத்தை ஊற்றி உள்ளங்கையால் வழித்துச் சர்ரென்று உறிஞ்சிவிட்டு, மறுநாள் பள்ளியில் இதைக் கற்றுக்கொண்டவன் நான். அறுபது வருடமாக சூப்பைச் சத்தமில்லாமல்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

ஜெயநகரில் என் முன்னால் வைத்தது கோழி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, பால் மாதிரி வெண்மையாக்கிய சூப். அன்னாசிப்பூ வாசனை கிடையாது. சித்தி வைத்தது தெளிந்த சூப். இது வேறு நாட்டுச் சமையல், எனக்கும் தெரியும். ஆனால் நெடுநேரம் கொதித்த எலும்புக்கு உதட்டில் ஒட்டும் ஒரு பசை உண்டு. அது இருந்தது. கிண்ணத்தைக் கையில் தூக்கினேன். உறிஞ்சினேன், சத்தத்தோடு. பேரன், "தாத்தா!" என்றான். என் கருத்தைக் கேட்டால் நான் என்ன மதிப்பெண் போட முடியும்? நான் ருசித்தது அந்தக் கடையின் சூப்பா, பரண் மேல் போன பாத்திரத்தின் சூப்பா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இரண்டு கட்சிகள் எப்படி உண்டாகின்றன என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஆறு பேர் முன்னாலும் கடைக்காரர் வைத்தது ஒரே மாதிரிக் கிண்ணம்தான். ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு தட்டு இருந்தது. என் மனைவிக்கு அவள் அம்மாவின் ரசம். தலைமையாசிரியருக்கு ஏழு பேர் பங்கிட்ட சோறு. பேரனுக்கு அவன் கைப்பேசியில் பார்த்த ஜப்பான். எனக்குச் சைகோன் சித்தி. கருத்து எழுதுகிறவர்கள் கடையைப் பற்றி எழுதுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதி அந்த இன்னொரு தட்டைப் பற்றித்தான். அதனால் கருத்து பொய்யாகிவிடாது. உப்பு அதிகமானால் அதிகம்தான். ஆனால் 'சரியில்லை' என்பதும் 'எனக்குப் பழக்கமில்லை' என்பதும் வேறு வேறு. முதலாவதைச் சொன்னால் சமையல்காரர் திருத்திக்கொள்வார். இரண்டாவதை முதலாவது போலச் சொன்னால் பாத்திரம் பரணுக்குப் போய்விடும்.

ஃபோர்மேனைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் எங்களில் முதலில் சாப்பிட்டு முடித்தார். பேசாமல், தலை நிமிராமல், களி விழுங்கும் வேகத்தில். அவர்தான் அன்றைக்கு ராமெனை முறைப்படி சாப்பிட்டவர் என்று பிறகு பையன் சொன்னான். 1980களில் டி.வி.எஸ். நிறுவனம் சுஸுகியோடு கூட்டுச் சேர்ந்து ஓசூரில் வண்டி செய்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2001இல் அந்தக் கூட்டு பிரிந்தது. அந்த நாட்களில் ஓசூருக்கு வந்த ஜப்பான்காரர்கள் சாப்பிடுவதை அவர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். "பெட்டியில நூடுல்ஸ் டப்பா கொண்டாந்து வெந்நீர் ஊத்துவானுங்க. சர்ருன்னு ஒரே இழுப்பு. அஞ்சு நிமிஷத்துல மறுபடி மிஷின் கிட்ட நிப்பானுங்க" என்றார். அதுவரை அவர் பேசிய முதல் பேச்சு அது.

பிறகு எழுந்து, சமையல்கட்டு வாசல் வரை போய் எட்டிப் பார்த்தார். ஆளுயரப் பாத்திரம் இரண்டு. அடுப்பின் நெருப்பைப் பார்த்தார், பாத்திரத்தின் அடியைப் பார்த்தார், தரையில் எண்ணெய் இருக்கிறதா என்று செருப்பைத் தேய்த்துப் பார்த்தார். ஷிஃப்ட் மாறும்போது ஃபோர்மேன் மிஷினைப் பார்க்கிற பார்வை. மகன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இது எத்தனை மணிக்கு ஏத்தறது?"

"அஞ்சு மணிக்குப்பா."

"நீ எத்தனைக்கு எந்திரிக்கிற?"

"நாலே கால்."

"யாரு எழுப்பறா?"

"நானே எந்திரிச்சுக்கறேன்."

காலேஜ் நாட்களில் எட்டு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்த பையன் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஃபோர்மேன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பில் வந்தது. நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. மகன், ஊழியர் கழிவு இருக்கிறது, தானே கொடுத்துவிடுகிறேன் என்றான். அவர் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வரி வரியாகப் படித்து, வரியைக் கூட்டிப் பார்த்து, முழுப் பணத்தையும் கொடுத்தார். "கடையில சாப்ட்டா காசு குடுக்கணும்" என்றார். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. சுமார் என்றும் சொல்லவில்லை. திரும்பும்போது மெட்ரோவில் தலைமையாசிரியர் மறுபடி பிரியாணிக் கணக்கை எடுத்தார். ஃபோர்மேன் திரும்பி, "சார், அந்தப் பாத்திரம் எட்டு மணி நேரம் எரியுது. கேஸ் என்ன ஆகும்னு கூட்டிப் பாத்தீங்களா?" என்றார். தலைமையாசிரியர் கூட்டிப் பார்க்கத் தொடங்கி, பொம்மசந்திரா வரும்வரை கூட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் போன்ற வயதில் இருப்பவர்கள் போக நினைத்தால் சில யோசனைகள். சூப்பில் உப்பு நிறைய இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பில் பாதியை விட்டுவிடலாம், அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. சைவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். காய்கறிக் கிண்ணம் என்றாலும் சில கடைகளில் மீன் சாறு சேரும். உயரமான முக்காலி ஒத்துவராதவர்கள் மேசை இருக்கிறதா என்று தொலைபேசியில் விசாரியுங்கள். கிண்ணம் வந்தவுடன் சாப்பிடுங்கள், பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். சத்தம் வந்தால் வரட்டும்.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். பெயர் மட்டும் வைக்காதீர்கள்.